கதிரையில் ஒருத்தி, ஓட்டத்தில் மற்றவர்கள்

எங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. யாருடைய பெயரையும் சொன்னதில்லை. சட்டையின் முதுகில் இருக்கும் எண்ணைத்தான் கூப்பிடுவார், அதையும் தன் லத்விய மொழியில். எனக்கு ஒன்பது. அவர் வாயில் அது 'தெவிஞி'. நான் வேலை செய்த வைத்தியசாலையில் என் பெயரை முதல் கிழமையே பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைவிடத் தெவிஞி எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது. என் கணவருக்கு இது பெரிய பகிடி. "இஞ்சேரும் தெவிஞி, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று குசினி வாசலில் வந்து நிற்பார்.

எழுபதுகளின் முற்பகுதியில் நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தோம். அவர் கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். நான் ஒரு வைத்தியசாலையில் தாதிமாருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். படுக்கை விரிப்பது, நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பது, தட்டு எடுப்பது எல்லாம் என் வேலை. நான் நல்ல உயரம். யாழ்ப்பாணத்தில் அந்த உயரத்துக்காக என் அம்மா கவலைப்பட்டார், மாப்பிள்ளை தேடுவது கஷ்டம் என்று. மெல்பேர்ணில் அதே உயரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனுசி எங்கள் பயிற்சியாளர்தான்.

அவர் அதே வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். அப்போது நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். போருக்குப் பிறகு அகதியாகக் கப்பலில் வந்தவர். மணமாகாதவர். நரைத்த தலைமயிரை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருப்பார். ஒரு நாள் நான் சலவை அறையின் மேல் தட்டிலிருந்து ஸ்டூல் இல்லாமல் விரிப்புகளை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பந்து விளையாடுவாயா?"

பள்ளிக்கூட அணியில் விளையாடியிருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் நான் விளையாடியது வலைப்பந்து. இரண்டும் பந்துதான், இரண்டிலும் மேலே ஒரு வளையம்தான், பெரிய வித்தியாசம் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எங்கள் ஊர்ப் பெண் யாரும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பயிற்சி. அங்கே வந்த பெண்கள் எல்லாரும் வேலை முடிந்து வந்தவர்கள். தையல் தொழிற்சாலை, பிஸ்கட் தொழிற்சாலை, பள்ளிக்கூடம் கூட்டுகிற வேலை. கிரேக்கம், இத்தாலி, யூகோஸ்லாவியா, இரண்டு அவுஸ்திரேலியக்காரிகள். எனக்குப் பந்து வந்தது. பிடித்தேன். பிடித்ததும் இரண்டு காலையும் ஊன்றி ஆணி அடித்த மாதிரி நின்றேன். வலைப்பந்தில் அப்படித்தான் நிற்க வேண்டும், பந்தோடு நகர்ந்தால் குற்றம். இங்கே பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டுமாம். என்னை நம்பி முன்னால் ஓடிய நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விசில் சத்தம் கேட்டது.

அவர் ஒரு பழைய மரக் கதிரையைக் கொண்டுவந்தார். மடக்குக் கதிரை, தன் வான் வண்டியிலேயே வைத்திருப்பார். மைதானத்தின் நடுவில் விரித்துப் போட்டு "தெவிஞி" என்றார். உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லாரும் மண்டபத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினார்கள். பத்துச் சுற்று. அவர் கையைக் கட்டிக்கொண்டு லத்விய மொழியில் சுற்றுகளை எண்ணினார்.

இதுதான் அவருடைய சட்டம். தவறு செய்தவள் கதிரையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவளுக்காக ஓட வேண்டும். இருப்பவள் தலையைக் குனியக் கூடாது, ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குனிந்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். 'போதும்' என்று சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

அன்று நான் நான்கு தரம் கதிரையில் இருந்தேன். பகல் முழுக்க இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு வந்த பெண்கள் எனக்காக நாற்பது சுற்று ஓடினார்கள். முகமெல்லாம் சிவந்து, வியர்வை கண்ணுக்குள் இறங்க, ஒருத்திகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இந்தப் பைத்தியக்காரியின் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினேன்.

அப்போது ஆறாம் எண்காரி பக்கத்தில் வந்து இருந்தாள். கிரேக்கப் பெண், என் வயதுதான், தையல் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் பேச்சில் அரைகுறை. ஆனால் அவள் பேசியதெல்லாம் எனக்கு இப்போது யாழ்ப்பாணத் தமிழாகவே ஞாபகம் இருக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"வியாழக்கிழமையும் வா" என்றாள். "நீ வராட்டி நான் ஓடின நாப்பது சுத்தும் வீண்."

போனேன். அப்படித்தான் அவர் ஆட்களைப் பிடித்துவைத்தார். அவரிடம் ஒரு கெட்டித்தனம் இருந்தது, அதை நான் மூன்றாம் கிழமைதான் கண்டேன். என் காலை ஊன்றும் பழக்கம் போகவே இல்லை. நானும் விடாமல் முயன்றேன், கால் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல விசில் ஊதினார். நான் பழகிய மாடு போலக் கதிரையை நோக்கி நடந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாரையும் கூப்பிட்டு என்னைச் சுற்றி நிற்கவைத்தார். தரையில் குந்தி என் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார்.

"பாருங்கள். இவள் நிற்கிறாள். நீங்கள் வழுக்குகிறீர்கள்."

அன்று மாலை முழுக்க மற்றவர்கள் என்னிடமிருந்து நிற்கப் பழகினார்கள். ஓடி வந்து பந்தைப் பிடித்த அதே இடத்தில், முழங்காலை மடித்து, இரண்டு காலிலும் பாரம் போட்டு நிற்பது. எதிரணிக்காரி வேகத்தைக் குறைக்க முடியாமல் இரண்டு அடி தாண்டிப் போய்விடுவாள். அந்த இடைவெளியில் ஆறாம் எண்காரி, எங்கள் எல்லாருக்கும் அவள் ஆறுதான், வளையத்தை நோக்கி ஓடுவாள், நான் பந்தைக் கொடுப்பேன். அந்த வட்டாரத்தில் இரண்டு வருடம் அதை முறியடிக்க ஒருவருக்கும் தெரியவில்லை. என் பிழையை எடுத்து அணியின் ஆயுதமாக்கிய மனுசி அவர். இதற்கு முன்னும் பின்னும் என் வாழ்க்கையில் எந்த ஆசிரியரும், எந்த மேலாளரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

உடுப்பு விஷயமும் அப்படித்தான். மற்ற அணிக்காரிகள் தொடை தெரியும் குட்டைக் காற்சட்டை போட்டார்கள். நான் முடியாது என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "கால் ஓட. பார்க்க அல்ல" என்றார். சலவைப் பகுதியின் பழைய தையல் மெசினில் எனக்கு ஒரு நீளக் காற்சட்டை தைத்துத் தந்தார். போட்டி நடத்துகிறவர்கள் மறுத்தபோது அவர்களுடைய மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாதம் செய்ய அவரிடம் ஆங்கிலம் இல்லை. நின்றே வென்றுவிட்டார். எங்கள் ஆட்களுக்குள் இது கதையாகப் பரவியது. ஒரு விருந்தில் ஓர் அன்ரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, காற்சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைக்காரியளோட ஓடித் திரியிறாயாம், மெய்யே?"

"ஓம் அன்ரி. நீளக் காற்சட்டை" என்றேன்.

ஆறின் புருசன் அவளைப் பயிற்சிக்கு அனுப்ப மறுத்தபோதும் இதே வேலைதான். இரண்டு செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டு வாசல் கேற்றுக்கு முன்னால் வானை நிறுத்திவிட்டு வெளியே நின்றாராம். பேச்சில்லை, மணி அடிக்கவில்லை. மூன்றாம் செவ்வாய் அந்த மனுசனே கதவைத் திறந்து பெண்சாதியை அனுப்பிவிட்டான். சம்பளம் இல்லாமல் செய்த வேலை இது. எத்தனையோ பெண்களுக்கு அந்த இரண்டு பின்னேரங்களைத் தவிர வீட்டையும் வேலையையும் விட்டு வேறு இடம் கிடையாது.

இவ்வளவும் சொன்ன நான் மற்றதையும் சொல்ல வேண்டும். அவர் பொல்லாத மனுசி. ஒரு நாளும் 'நல்லது செய்தாய்' என்று சொன்னதில்லை. 'மன்னித்துக்கொள்' என்ற சொல்லை அவர் ஆங்கிலத்தில் கற்றுக்கொள்ளவே இல்லை என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி அரை மணித்தியாலம் பிந்தி வந்தாள். அவளைக் கதிரையில் இருத்தி எங்களை ஓடவிட்டார். அவள் தலை குனிந்து அழ, எண்ணிக்கை மூன்று தரம் ஒன்றிலிருந்து தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. நாங்கள் யாரும் அவருக்கு முன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொருத்தி ஒரு வியாழக்கிழமை கணுக்கால் நோகிறது என்றாள். "எப்போதிருந்து?" என்று கேட்டார். செவ்வாயிலிருந்து என்றாள். "அப்படியானால் செவ்வாயே சொல்ல வேண்டும்" என்று அவளையும் கதிரையில் இருத்தினார். அவர் நினைத்தது, இனி எல்லாரும் உடனே சொல்வார்கள் என்று. நடந்தது வேறு. அதற்குப் பிறகு நோவு என்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நான் கதிரையில் இருந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்ப்பதைவிட நோவைத் தாங்கிவிடலாம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

இரண்டாம் வருடம் இறுதிப் போட்டிக்கு வந்தோம். போட்டி சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை நான் அவசரப்பட்டு, பார்க்காமல் பந்தைக் கொடுத்துவிட்டேன். விசில். கதிரை. மற்றவர்கள் ஓடினார்கள். நான்காம் சுற்றில்தான் கவனித்தேன், ஆறு வலது காலை முழுக்க ஊன்றவில்லை. ஆறாம் சுற்றில் பல்லைக் கடித்திருந்தாள். எழுந்து 'நிறுத்துங்கள்' என்று சொல்லியிருக்கலாம். அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. தலையைக் குனியாமல் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உடுப்பு மாற்றும் அறையில் அவள் முழங்காலைப் பார்த்தேன். வீங்கி, தொட்டால் சுட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு கிழமை என்றாள். நான் வைத்தியசாலைக்காரி, இதில் விளையாடக் கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். என் பையிலிருந்த பண்டேஜை எடுத்துச் சுற்றினேன்.

"வா, அவவிட்டச் சொல்லுவம்" என்றேன்.

"இப்ப சொன்னா, ஏன் போன கிழமை சொல்லேல்ல எண்டு கேப்பா. பைனலுக்கு முன்னால நான் கதிரையில இருந்து நீங்கள் எல்லாரும் ஓடுறதோ? ஏலாது."

"அப்ப என்ன செய்யிறது?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நீயாப் போய்ச் சொல்லாத. அவவா கேட்டா உண்மையைச் சொல்லு. கேட்டா ஒளிக்க வேண்டாம்."

சனிக்கிழமை மத்தியானம். மண்டபத்துக்குள் சனம் நிறைந்திருந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போனபோது நடைவழியில் அவர் தனியாக நின்றார். என்னை மறித்தார்.

"ஆறு. கால் நல்லதா?"

அவர் கேட்டுவிட்டார். ஆறு சொன்னது காதில் அப்படியே இருந்தது. ஒரு விநாடிதான். அந்த விநாடியில் எனக்குள் என்ன ஓடியது என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அவளைக் கதிரையில் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், அது உண்மை. ஆறு இல்லாமல் நாங்கள் தோற்போம் என்றும் நினைத்தேன், அதுவும் உண்மை. எனக்கு அந்தக் கோப்பை வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து தட்டு எடுத்ததையும் விரிப்பு மாற்றியதையும் தவிர ஒன்றும் செய்யாத எனக்கு அது மிகவும் வேண்டியிருந்தது.

"நல்லது" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதியில் நாங்கள் முன்னுக்கு நின்றோம். வழக்கம்போல நான் பந்தைப் பிடித்தேன், ஊன்றி நின்றேன், என் எதிரி தாண்டிப் போனாள், ஆறு ஓடினாள். நான் பந்தைக் கொஞ்சம் உயரமாகக் கொடுத்தேன். அவள் எம்பிப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கினாள். முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கு அவ்வளவு தூரத்திலும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

நாங்கள் வென்றோம். கோப்பையைக் கையில் தந்தபோது அதைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். அம்புலன்சில் ஆறோடு நான் போனேன். அவர் வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகும் வைத்தியசாலைக்கு ஒரு நாளும் வரவில்லை. இத்தனைக்கும் ஆறு படுத்திருந்தது நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த அதே கட்டடம். அவளுடைய விரிப்பைத் தோய்த்தது அவர்தான், ஆனால் இரண்டு மாடி ஏறி வந்து பார்க்கவில்லை. அதை மட்டும் என்னால் இன்றும் அவருக்காக நியாயப்படுத்த முடியாது.

"முழங்காலில பண்டேஜைக் கண்டவ" என்று ஆறு கட்டிலில் இருந்து சொன்னாள். "நான் நொண்டினதையும் கண்டவ. கால் எப்பிடி எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்ல. ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல. கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பாய்தானே?"

"ஓம்" என்றேன்.

அடுத்த செவ்வாய் பயிற்சியில் இத்தாலியக்காரி ஒருத்தி அவருக்கு முன்னால் போய் நின்று கத்தினாள். ஒரு வார்த்தை கேட்டாயா, நீ மனுசியா, கோப்பைதானே உனக்குப் பெரிது என்று. அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். 'ஒன்பதிடம் கேட்டேன்' என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. "ஓடுங்கள்" என்றார்.

ஆறுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். முழங்கால் முழுக்க மடியவில்லை. தையல் தொழிற்சாலை மெசினில் துணியை அழுத்தும் பாதத்தை வலது முழங்காலால் ஒரு தகட்டைத் தள்ளித்தான் தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் தள்ள வேண்டும். அவளால் முடியவில்லை, வேலை போனது. பிறகு வீட்டிலிருந்து பொத்தான் தைத்தாள், குளிர் நாட்களில் பொல்லு ஊன்றி நடந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடம் போவேன். கட்லட் செய்து கொண்டுபோவேன், பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். அவள் பயிற்சியாளரைத் திட்டுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உன்னைப் போல ஒரு சிநேகிதி கிடைக்காது என்பாள். அதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுடைய கோபம் அவர்மேல் இருந்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடம் இப்படியே போனது. எழுபதுகள் முடியப் போகிற நேரம், அவர் பயிற்சியை விடப்போகிறார் என்று செய்தி வந்தது. முதுகுவலி. சிட்னியில் இருந்த தங்கையோடு போய் இருக்கப்போகிறாராம். மண்டபத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் தேநீர் விருந்து வைக்கத் தீர்மானித்தார்கள். எங்களில் ஆங்கிலம் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான்தான் என்று பேச்சை என் தலையில் கட்டினார்கள். ஆறு முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, "உன்ர பேச்சைக் கேக்க வாறன். அவவுக்காக இல்லை" என்றாள்.

குசினி மேசையில் இருந்து இரண்டு பக்கம் எழுதினேன். கணவர் எடுத்து வாசித்தார்.

"நல்லாத்தானே இருக்கு? எல்லாம் புகழ்ச்சி."

"பிழை ஒண்டும் இல்லையே, அதுதான் பிழை" என்றேன். பிறகு நடைவழியில் நடந்ததை அவரிடம் சொன்னேன். மூன்று வருடத்தில் முதல் தரம் ஒருவரிடம் சொன்னேன். அவர் கடுதாசியை மேசையில் வைத்தார். எனக்குப் பரிந்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சொன்னா அந்தப் பிள்ளை உம்மோட இனிக் கதைக்காது" என்றார்.

"தெரியும்."

"சொல்லாட்டி?"

அவர் எழுந்து எனக்குத் தேத்தண்ணி போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் சேலை உடுத்துக்கொண்டு போனேன். பழைய ஆட்கள் எல்லாரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்தவள்கூட வந்திருந்தாள். ஆறு பொல்லோடு முன்வரிசையில் இருந்தாள். அவர் பழுப்புநிற கோட் போட்டு, ஒரு மூலையில் யாரோ வேறு ஆளின் விருந்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். அந்த மரக் கதிரை சுவரில் சாய்ந்திருந்தது.

கடுதாசியை எடுத்து வாசித்தேன். வழுக்காமல் நிற்கப் பழக்கியது, நீளக் காற்சட்டை, கேற்றடியில் நின்றது எல்லாம் வாசித்தேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமல் கடுதாசியை மடித்தேன்.

"இறுதிப் போட்டி அன்று இவர் கேட்கவில்லை என்று எல்லாரும் சொன்னோம். கேட்டார். என்னிடம் கேட்டார். ஆறின் கால் நல்லதா என்று கேட்டார். நல்லது என்று நான் சொன்னேன். அது நல்லதாக இல்லை, எனக்குத் தெரியும்."

ஆறின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் இந்த மண்டபத்தில் தலை குனியக் கூடாது என்று பழகியிருந்தேன், அதனால் பார்த்தேன். அவள் என்னை முதல் தரம் பார்க்கிறவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூலையிலிருந்து நடந்து போய்ச் சுவரில் சாய்ந்திருந்த கதிரையை எடுத்தார். மைதானத்தின் நடுவில் விரித்துப் போட்டார். எனக்குத்தான் என்று தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு பொய் சொல்ல மாட்டாள்" என்றார், தன் உடைந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "ஒன்பது சொல்வாள். எனக்குத் தெரியும். அதனால் ஒன்பதிடம் கேட்டேன்."

மூன்று வருடமாக அவர் என்னைக் காப்பாற்றினார் என்று நினைத்திருந்தேன். என்னை அவர் அவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருந்தார் என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. என் காலின் பழக்கத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திய அதே கண்தான். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேலும் என்மேலும். அவர் தலை குனியவில்லை. கையை முழங்காலில் வைத்து, எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சட்டம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் அசைவது? முன்வரிசையில் ஆறு பொல்லை ஊன்றி எழுந்தாள். சுவரோரமாக நடக்கத் தொடங்கினாள். ஊன்றி, இழுத்து, ஊன்றி, இழுத்து. இத்தாலியக்காரி பின்னால் போனாள். பிறகு எல்லாரும் போனார்கள், கோட்டும் குதிச் சப்பாத்தும் கைப்பையுமாக. நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். ஆறு என்னைத் தாண்டும்போது நிற்காமல் சொன்னாள்.

"நட. கதிரை ஒண்டுதான் இருக்கு."

நானும் நடந்தேன். அவளை ஒருத்தியும் முந்தவில்லை. அவர் எண்ணத் தொடங்கினார். முதல் சுற்றுக்கு அவளுக்கு எவ்வளவோ நேரம் எடுத்தது. இரண்டாம் சுற்றில் அவள் கழுத்தெல்லாம் வியர்வை. மூன்றாம் சுற்று முடிந்து அவர் மூன்று என்று சொன்னபோது ஆறு கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"போதும்" என்றாள்.

அவருக்கு முன்னால் அந்தச் சொல்லை எங்களில் ஒருத்தி சொன்னது அதுதான் முதல் தரம். அவர் எண்ணுவதை நிறுத்தினார். கதிரையிலிருந்து எழும்பவில்லை. அண்ணாந்து அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஆறு. கால் நல்லதா?"

"இல்லை" என்றாள் ஆறு.